அறுபதுகளின் ராக்: யார் மேதை, யார் வேர்?

(இசை விவாதக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அறுபதுகளில் வெளிவந்த ராக் ஆல்பங்களில் எது மிக முக்கியமானது என்பதுதான் இன்றைய விவாதம். எனக்கு முன்னால் பேசிய தோழர் பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ என்றார். அவரை மறுத்த தோழர் பாப் டிலனின் ‘ஹைவே 61 ரிவிசிட்டட்’ என்றார். இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டவர்கள். மூன்றாவதாக வந்திருக்கும் நான் இன்னொரு பெயரைச் சொல்லிப் பஞ்சாயத்தை முடித்து வைப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள். பஞ்சாயத்து என்றால் யாருக்கு நாற்காலி போட்டிருக்கிறது, யார் கைகட்டி நிற்கிறார்கள் என்று முதலில் பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. அந்தக் கண்ணோடு இந்தப் பட்டியலையும் பார்க்கலாம் என்றுதான் வந்தேன்.

உள்ளே வரும்போது வாசலில் ஒரு தம்பி கேட்டார்: “வெள்ளைக்காரன் பாட்டுல எது பெருசுன்னு பேசி நமக்கு என்னண்ணே ஆகப்போகுது?” நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குள்ளேயே என் பேச்சு முழுவதும் இருக்கிறது. ராக் என்றதும் அது ‘வெள்ளைக்காரன் பாட்டு’ என்று அந்தத் தம்பிக்கு எப்படித் தோன்றியது? அவர் மட்டுமல்ல, உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கறுப்பின மக்கள் உருவாக்கிய ஓர் இசை, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வெள்ளையருடைய சொத்தாக எழுதப்பட்டுவிட்டது. பட்டா மாறிய காலம் அறுபதுகள். அதனால்தான் அந்தப் பத்தாண்டின் பட்டியல் நமக்கு முக்கியமாகிறது. தவிர, இந்தப் பேச்சுவார்த்தை நாம் தொடங்கியதும் அல்ல. 1873-இல் ஜோதிராவ் புலே தன் ‘குலாம்கிரி’ நூலை அமெரிக்காவில் அடிமை முறைக்கு எதிராக நின்றவர்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர் இளைஞர்கள் தங்கள் பெயரையே பிளாக் பேந்தரிடமிருந்து எடுத்தார்கள். அவர்கள் அரசியலைக் கேட்ட நாம் அவர்கள் பாட்டையும் கொஞ்சம் கேட்போம்.

முதலில் பட்டியல். அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை 1967-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்டது. ஜேன் வென்னர், ரால்ப் கிளீசன் இருவரும் தொடங்கினார்கள். ராக் இசையை இலக்கியம்போல எழுதலாம் என்று காட்டிய பத்திரிகை அது. அதை மறுக்க முடியாது. 2003-இல் அவர்கள் எல்லாக் காலத்துக்கும் சிறந்த 500 ஆல்பங்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதன் முதல் பத்தில் ஏழு அறுபதுகளில் வந்தவை. நான்கு பீட்டில்ஸ்: ‘சார்ஜென்ட் பெப்பர்’, ‘ரிவால்வர்’, ‘ரப்பர் சோல்’, ‘ஒயிட் ஆல்பம்’. இரண்டு டிலன்: ‘ஹைவே 61’, ‘பிளாண்ட் ஆன் பிளாண்ட்’. ஒன்று பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’. ஏழும் வெள்ளை ஆண்கள் செய்தவை. அந்தப் பத்தில் இருந்த ஒரே கறுப்புக் கலைஞர் மார்வின் கே. அவருடைய ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ 1971-இல் வந்தது.

2020-இல் புதிதாக ஆட்களைக் கேட்டு மறுபடி பட்டியல் போட்டார்கள். மார்வின் கே முதலிடத்துக்கு வந்தார். ஸ்டீவி வொண்டர், பிரின்ஸ், லாரின் ஹில் மூவரும் முதல் பத்துக்குள் வந்தார்கள். ‘சார்ஜென்ட் பெப்பர்’ முதலிடத்திலிருந்து 24-ஆம் இடத்துக்கு இறங்கியது. பலரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே வந்த கறுப்புக் கலைஞர்களின் ஆல்பங்கள் எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகளைச் சேர்ந்தவை. முதல் பத்தில் அறுபதுகளுக்கு மிஞ்சியது இரண்டே இடம்: ‘பெட் சவுண்ட்ஸ்’, ‘ஆபி ரோடு’. அறுபதுகளின் வாசல் மட்டும் அப்படியே இருந்தது. 13-ஆம் இடத்துக்குப் போனால்தான் அரீதா பிராங்க்ளின் வருகிறார்.

கறுப்பர்கள் அறுபதுகளில் பாடாமலா இருந்தார்கள்? ஜேம்ஸ் பிரவுன், ஓட்டிஸ் ரெடிங், அரீதா, ஹெண்ட்ரிக்ஸ், ஸ்லை ஸ்டோன், டெட்ராய்ட் நகரத்தின் மோடவுன் கம்பெனி முழுவதும், மெம்பிஸின் ஸ்டாக்ஸ் கம்பெனி முழுவதும் அந்தப் பத்தாண்டைச் சேர்ந்தவர்கள். அப்படியிருந்தும் பட்டியலில் அவர்கள் எங்கே தொலைந்தார்கள்?

இதற்கு மூன்று கதவுகள் இருக்கின்றன. முதல் கதவு பெயர்.

அமெரிக்காவில் கறுப்பர் இசைத்தட்டுகளுக்குத் தொடக்கத்திலிருந்தே தனித் தெரு. ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்றே பெயர், ‘இனத் தட்டுகள்’ என்று சொல்லலாம். பில்போர்டு பத்திரிகை 1949-இல் அந்தப் பெயரை மாற்றி ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று வைத்தது. சேரிக்குக் காலனி என்று பெயர் மாற்றியதுபோல. தெரு அதே இடத்தில்தான் இருந்தது. ஐம்பதுகளில் சக் பெர்ரியும் லிட்டில் ரிச்சர்டும் போ டிட்லியும் வந்து அந்தச் சுவரை உடைத்தார்கள். அவர்களுக்கும் முன்னால் கிதாரைத் தோளில் மாட்டி, தேவாலயப் பாட்டை மின்சாரத்தில் வாசித்துக்காட்டிய பெண் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். ராக் அண்ட் ரோலை வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து கேட்டார்கள். 1963 நவம்பர் இறுதியில் பில்போர்டு தன் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலையே நிறுத்திவிட்டது. இரண்டு பட்டியலிலும் ஒரே பாட்டுகள் வரும்போது தனித்தனியாக எதற்கு? ஒருவகையில் மகிழ்ச்சியான செய்தி. ஆனால் 1965 ஜனவரியில் அந்தத் தனிப் பட்டியல் திரும்பி வந்துவிட்டது. இடையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்காவில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையாக இங்கிலாந்துக் குழுக்கள்.

அதற்குப் பிறகு ‘ராக் அண்ட் ரோல்’ என்ற பெயரில் ‘ரோல்’ உதிர்ந்து வெறும் ‘ராக்’ ஆனது. ராக் என்றால் கிதார் வைத்த வெள்ளைப் பையன்கள். கறுப்பர்கள் பாடினால் அது ‘சோல்’. எவ்வளவு அபத்தம் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் இரண்டாவது ஆல்பத்தில் ஓட்டிஸ் ரெடிங்கின் ‘பெயின் இன் மை ஹார்ட்’டைப் பாடினார்கள். அதே 1965-இல் ஓட்டிஸ் ரெடிங் தன் ‘ஓட்டிஸ் ப்ளூ’ ஆல்பத்தில் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடினார். அவன் பாட்டை இவன் பாடுகிறான், இவன் பாட்டை அவன் பாடுகிறான். ஸ்டோன்ஸ் பாடினால் ராக், ஓட்டிஸ் பாடினால் சோல். இதைப் பிரித்தது தாளமா, சுருதியா, வாத்தியமா? தோல்தான். ஜேக் ஹாமில்டன் என்ற ஆய்வாளர் 2016-இல் ‘ஜஸ்ட் அரவுண்ட் மிட்நைட்’ என்று இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். ராக் எப்படி வெள்ளையானது என்பதுதான் அவருடைய கேள்வி. கிடைத்தால் படியுங்கள்.

இரண்டாவது கதவு ‘ஆல்பம்’ என்கிற அளவுகோல். இதை அதிகம் பேர் யோசிப்பதில்லை. பன்னிரண்டு அங்குல நெடுந்தட்டு 1948-இல் வந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். மறு ஆண்டே 45 சுற்று வேகத்தில் ஓடும் சின்னத் தட்டும் வந்தது, பக்கத்துக்கு ஒரு பாட்டு. சின்னத் தட்டு விலை குறைவு. கூலி வாங்கும் வீட்டுப் பிள்ளைகள் வாங்கியது அதைத்தான். மதுக்கடையின் காசு போட்டால் பாடும் பெட்டியில் ஓடியதும் அதுதான். மோடவுன் கம்பெனி அந்தச் சின்னத் தட்டில் உலகத்தை ஆட்டிவைத்தது. இரண்டே முக்கால் நிமிடத்தில் ஒரு முழு உலகத்தைக் கட்டுவது சாதாரண வேலையா? ஆனால் ‘கலை’ என்பது நெடுந்தட்டில்தான் இருக்கிறது, சின்னத் தட்டு வெறும் வியாபாரம் என்று அறுபதுகளின் பின்பாதியில் விமர்சகர்கள் முடிவு செய்துவிட்டார்கள். தரப்படுத்தும் கோலை யார் செதுக்கினார்களோ அவர்கள் உயரத்துக்குத்தான் அது அளக்கும். ‘முக்கியமான ஆல்பம் எது’ என்று கேட்கும்போதே நாம் பாதி ஆட்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் கேள்வியைத் தொடங்குகிறோம்.

அந்தக் கோலையும் ஒருவர் பிடுங்கினார். அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1962. ஜேம்ஸ் பிரவுன் தன் கம்பெனி முதலாளி சிட் நாதனிடம் போகிறார். நியூயார்க் ஹார்லெமில் அப்பல்லோ தியேட்டரில் நான் பாடுவதை அப்படியே பதிவு செய்து ஆல்பமாகப் போடுங்கள் என்கிறார். முதலாளி முடியாது என்கிறார். புதுப் பாட்டு ஒன்றுகூட இல்லாமல், ஏற்கெனவே சின்னத் தட்டில் வந்த பாட்டையே மேடையில் பாடியதை யார் வாங்குவான்? வியாபாரக் கணக்கில் அவர் சொன்னது நியாயமாகவே தெரியும். பிரவுன் தன் சொந்தப் பணத்தைப் போட்டார். 1962 அக்டோபர் 24 இரவு பதிவு நடந்தது. 1963 மே மாதம் ‘லைவ் அட் தி அப்பல்லோ’ வெளிவந்தது. பில்போர்டு பாப் ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறி, 66 வாரம் அங்கேயே இருந்தது. கறுப்பர் வானொலிகளில் ஒரு பக்கத்தை முழுக்க ஓட விட்டார்கள்.

அதில் என்ன இருக்கிறது? ஒரு நீண்ட பாட்டு இருக்கிறது, பத்து நிமிடத்துக்கு மேல் போகிறது. காதலி போய்விட்டாள் என்ற ஒரே சங்கதி. அவர் குரலை ஏற்றி இறக்கி நிறுத்துகிறார். கூட்டத்தில் ஒரு பெண் கத்துகிறாள். அவர் அந்தக் கத்தலுக்குப் பதில் சொல்வதுபோல மறுபடி பாடுகிறார். பாடகர் யார், கூட்டம் யார் என்ற கோடு அழிந்துவிடுகிறது. கூட்டம் பின்னணிச் சத்தமாக ஒதுங்கவில்லை, வாத்தியங்களில் ஒன்றாகவே அது ஒலிக்கிறது. நம் ஊரில் சாவு வீட்டு ஒப்பாரியையும் இரவு கானாவையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிய வைக்க வேண்டியதில்லை. ‘ஆல்பம் என்பது ஒரு முழுமையான அனுபவம்’ என்று 1967-இல் பீட்டில்ஸைப் பார்த்து எல்லோரும் வியந்தார்களே, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அது ஹார்லெமில் நடந்துவிட்டது. அது ராக் பட்டியலில் வராது, சோல் பட்டியலில் வரும் என்று யாராவது சொன்னால், முதல் கதவைப் பற்றி நான் சொன்னதை மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாவது கதவுதான் மிக ஆபத்தானது. ஏனென்றால் அது புகழ்ச்சியால் செய்தது. ‘வேர்’ என்ற சொல். கறுப்பு இசைதான் ராக்கின் வேர் என்று எல்லா நூலிலும் எழுதுவார்கள். முதல் அத்தியாயத்தில் எழுதிவிட்டு மீதிப் பத்து அத்தியாயத்தில் மரத்தைப் பற்றிப் பேசுவார்கள். வேர் மண்ணுக்குள் இருக்கும், பார்க்க வேண்டியதில்லை, அதற்குப் பங்கும் தர வேண்டியதில்லை. ஆனால் அறுபதுகளில் இந்த ‘வேர்கள்’ எல்லாம் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். மடி வாட்டர்ஸ் 1983 வரை இருந்தார். ஹவ்லின் வுல்ஃப் 1976 வரை இருந்தார். சக் பெர்ரி 2017 வரை இருந்தார்! அவர்கள் டிலனுக்கும் பீட்டில்ஸுக்கும் சமகாலத்தவர்கள். அவர்களும் அதே ஆண்டுகளில் தட்டுப் போட்டார்கள்.

1961-இல் கொலம்பியா கம்பெனி ராபர்ட் ஜான்சனின் பழைய பதிவுகளைத் தொகுத்து ‘கிங் ஆஃப் தி டெல்டா ப்ளூஸ் சிங்கர்ஸ்’ என்று ஓர் ஆல்பம் போட்டது. மிசிசிப்பிக்காரர். 1936, 37-இல் பதிவு செய்தவர். 1938-இல் இளம் வயதிலேயே செத்துப்போனார். அவர் பதிவு செய்த மொத்தப் பாட்டுகளே 29. அந்த ஆல்பத்தை டிலன் கேட்டார், கீத் ரிச்சர்ட்ஸ் கேட்டார், எரிக் கிளாப்டன் கேட்டார். மூவரும் அதைப் பற்றி மீண்டும் மீண்டும் பேசியிருக்கிறார்கள். அறுபதுகளின் ராக் கிதாரை இரண்டாகப் பிளந்தால் உள்ளே இந்தத் தட்டு இருக்கும். முக்கியத்துவம் என்பதை விளைவால் அளப்பதென்றால் இதை விட முக்கியமான ஆல்பம் எது? ஆனால் பார்த்தீர்களா, செத்தவரைக் கொண்டாடுவது சுலபம். ஸ்டோன்ஸ் 1969-இல் ‘லெட் இட் ப்ளீட்’ ஆல்பத்தில் அவருடைய ‘லவ் இன் வெய்ன்’ பாட்டைப் பாடினார்கள்; தட்டில் ஜான்சனின் பெயர் இல்லை.

ஸ்டோன்ஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஒருதலையாகப் பேசக்கூடாது. மடி வாட்டர்ஸ் பாட்டிலிருந்துதான் தங்கள் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். 1965-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஷிண்டிக்’ நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது ஹவ்லின் வுல்ஃபையும் மேடையேற்ற வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அவர் பாடும்போது அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். அமெரிக்க வெள்ளையர் வீட்டுக் கூடத்துக்குள் அந்தக் குரல் அப்படித்தான் நுழைந்தது. பீட்டில்ஸும் 1964-இல் ஃபுளோரிடா ஜாக்சன்வில்லில் கூட்டத்தை நிறம் பிரித்து உட்கார வைத்தால் பாட மாட்டோம் என்று நின்றார்கள். இதெல்லாம் உண்மை. மரியாதையும் உண்மை, வரவு செலவுக் கணக்கும் உண்மை.

கணக்கு என்றதும் வில்லி டிக்சன் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிகாகோவின் செஸ் கம்பெனியில் மடி வாட்டர்ஸுக்கும் ஹவ்லின் வுல்ஃபுக்கும் பாட்டு எழுதியவர். லெட் செப்பலின் முதல் ஆல்பத்தில், 1969 ஜனவரி, அவருடைய இரண்டு பாட்டுகள் அவர் பெயரோடு இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் வந்த இரண்டாவது ஆல்பத்தில் ‘ஹோல் லாட்டா லவ்’ அவர் பெயர் இல்லாமல் வந்தது. 1962-இல் மடி வாட்டர்ஸ் பாடிய டிக்சனின் பாட்டை அது எடுத்தாண்டிருந்தது. 1985-இல் டிக்சன் வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்தார்கள். இன்று அந்தப் பாட்டில் அவர் பெயரும் இருக்கிறது. பீச் பாய்ஸின் ‘சர்ஃபின் யு.எஸ்.ஏ.’ சக் பெர்ரியின் மெட்டு என்பதும் இப்படித்தான் பிறகு ஒப்புக்கொள்ளப்பட்டது. டிக்சன் தன் கடைசிக் காலத்தில் ப்ளூஸ் ஹெவன் என்ற அறக்கட்டளை தொடங்கி, பாட்டு உரிமை பறிபோன பழைய கலைஞர்களுக்காக வேலை செய்தார். செஸ் கம்பெனி இருந்த அதே பழைய கட்டடத்தில் இன்று அந்த அறக்கட்டளை இருக்கிறது. இழந்ததை வசூலித்து, வசூலித்ததை மற்றவர்களுக்கு வைத்த மனிதர். எனக்கு லெட் செப்பலின் இரண்டாவது ஆல்பம் பிடிக்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் டிக்சனும் கூடவே உட்கார்ந்திருக்கிறார்.

ஹவ்லின் வுல்ஃபுக்கு நடந்தது இன்னும் கேவலம். 1969-இல் அவருடைய கம்பெனியே, காலத்துக்கேற்ப மாற்றுகிறோம் என்று சொல்லி அவர் பாட்டுகளில் சைக்கடெலிக் கிதாரைக் கொட்டி ஓர் ஆல்பம் செய்தது. அவருக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு இது பிடிக்கவில்லை என்பதையே அட்டையில் பெரிய எழுத்தில் அச்சடித்து விற்றார்கள். கலைஞனின் மறுப்பும் விளம்பரமானது.

இந்த இடத்தில் ‘மேதை’ என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். ‘பெட் சவுண்ட்ஸ்’ 1966 மே மாதம் வந்தது. அருமையான ஆல்பம். பிரையன் வில்சனின் அந்தக் குரல் அடுக்குகளைக் கேட்டு உருகாதவர் இருக்க முடியாது. ஆனால் ‘பிரையன் வில்சன் ஒரு மேதை’ என்ற வாசகம் தானாக மக்கள் வாயில் முளைக்கவில்லை. பீட்டில்ஸுக்கு வேலை செய்த டெரக் டெய்லர் என்ற விளம்பரக்காரர் அதைத் திட்டமிட்டுப் பரப்பினார். அந்த ஆல்பத்தில் பேஸ் கிதார் வாசித்தவர்களில் கரோல் கே என்ற பெண்ணும் உண்டு. அப்போது அட்டையில் பெயர் கிடையாது. மோடவுனின் ஜேம்ஸ் ஜேமர்சன் பெயரும் 1971 வரை அட்டையில் வரவில்லை. அவர் விரல்களிடமிருந்து தான் கற்றதாகப் பால் மெக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார். ‘சார்ஜென்ட் பெப்பர்’ கேட்கும்போது மெல்லிசைபோல் ஓடும் அந்த பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள், டெட்ராய்ட் கேட்கும்.

‘சார்ஜென்ட் பெப்பர்’ பற்றிச் சொல்லாமல் போனால் முதல் தோழர் என்னை விடமாட்டார். நான்கு தடப் பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு ஜார்ஜ் மார்ட்டினும் ஜெஃப் எமரிக்கும் அந்தக் குழுவும் செய்தது பெரிய வேலை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘ரிவால்வர்’ அதைவிடத் துணிச்சலானது என்பது என் கட்சி. ‘பெப்பர்’ முக்கியமானதாக ஆனதில் பாதி அட்டையின் வேலை. அந்த அட்டையில் அறுபதுக்கு மேற்பட்ட முகங்கள். இசைக்காரர்களில் டிலன் இருக்கிறார், டியான் இருக்கிறார், ஸ்டாக்ஹவுசன் இருக்கிறார். ஒரு கறுப்பு இசைக்கலைஞர்கூட இல்லை. குத்துச்சண்டை வீரர் சானி லிஸ்டன் மெழுகு பொம்மையாக நிற்கிறார். சக் பெர்ரி பாட்டைப் பாடியே மேடையேறிய குழுவின் அட்டை இது. இந்தியாவிலிருந்து நான்கு யோகிகள் இருக்கிறார்கள். காந்தியும் இருந்தார்; இந்தியாவில் வியாபாரம் கெட்டுவிடும் என்று இஎம்ஐ கம்பெனி எடுக்கச் சொல்லிவிட்டது. அவருக்குப் பதில் யாரை வைத்திருக்கலாம் என்று நம் ஆட்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம், யாரும் கேட்கவில்லை.

டிலன் கட்சித் தோழருக்கு: ‘ஹைவே 61’ என் பட்டியலிலும் உண்டு. அந்தப் பெயரே மிசிசிப்பி டெல்டா வழியாகப் போகும் சாலையின் பெயர். ப்ளூஸ்காரர்கள் வடக்கே பிழைக்கப் போன சாலை. டிலன் தன் கடனைத் தலைப்பிலேயே எழுதிவைத்தார். அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர்.

சரி, ஹெண்ட்ரிக்ஸ். அவர் இல்லாமல் எந்த ராக் பட்டியலும் இல்லையே, அப்புறம் எங்கே பாகுபாடு என்று கேட்பார்கள். சியாட்டிலில் பிறந்த கறுப்பர். லிட்டில் ரிச்சர்டுக்கும் ஐஸ்லி பிரதர்ஸுக்கும் பின்னால் நின்று, கறுப்பர் அரங்குகளில் வாசித்துப் பழகியவர். சொந்த நாட்டில் பெயர் எடுக்க முடியாமல் 1966 செப்டம்பரில் லண்டனுக்குப் போனார். 1967 மே மாதம் ‘ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டு’ வந்தது. இங்கிலாந்து கிதார்காரர்கள் வாயடைத்துப் போனார்கள். அமெரிக்காவுக்குத் திரும்பியபோது வெள்ளைப் பிள்ளைகள் கொண்டாடினார்கள். கறுப்பர் வானொலிகள் அவரைப் பெரிதாக ஓட்டவில்லை, ஏனென்றால் இப்போது அது ‘ராக்’. உட்ஸ்டாக்கில் வாசித்து மூன்று வாரம் ஆவதற்குள், 1969 செப்டம்பர் 5 அன்று, ஹார்லெம் தெருவிழாவில் இலவசமாக வாசித்தார். தன் மக்களிடம் போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பு அது. வேலியின் இரண்டு பக்கமும் அவரை முழுதாக ஏற்கவில்லை. பட்டியல்காரர்கள் அவரை ‘நிறம் கடந்த கலைஞர்’ என்பார்கள். நிறத்தைக் கடந்தார் என்று வெள்ளைக் கலைஞர் ஒருவரையும் யாரும் பாராட்டுவதில்லை.

1968-இல் வந்த ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ அவர் உச்சம். அதில் மடி வாட்டர்ஸ் வழியில் பதினைந்து நிமிட ப்ளூஸ் ஒன்று இருக்கிறது. டிலனின் ‘ஆல் அலாங் தி வாட்ச்டவர்’ இருக்கிறது. ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த பிறகு டிலனே மேடையில் ஹெண்ட்ரிக்ஸ் பாணியில் அந்தப் பாட்டைப் பாடத் தொடங்கினார். யார் யாருக்கு வேர்?

லாஸ் ஏஞ்சலஸில் ஆர்தர் லீ என்ற கறுப்பர், கறுப்பரும் வெள்ளையரும் கலந்த ‘லவ்’ என்ற குழுவை நடத்தினார். ‘டோர்ஸ்’ குழுவை எலெக்ட்ரா கம்பெனிக்குச் சொல்லி அனுப்பியதே அவர்தான். டோர்ஸ் உலகப் புகழ் பெற்றது. 1967 நவம்பரில் வந்த லீயின் ‘ஃபாரெவர் சேஞ்சஸ்’ அமெரிக்காவில் விற்கவில்லை. கோடைக்காலக் காதல் என்று எல்லோரும் பூச்சூடி ஆடிய ஆண்டில், அழகான தந்தி வாத்தியங்களுக்கு நடுவே சாவைப் பற்றிப் பாடிய ஆல்பம். எனக்கு ‘பெப்பரை’ விட இதுதான் 1967.

ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் இன்னும் ஒரு படி மேலே. கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் எல்லோரும் ஒரே குழுவில். டிரம்பெட் வாசித்தது சிந்தியா ராபின்சன். ராக் குழுவில் பெண் என்றால் பாடத்தான் வேண்டும் என்றிருந்த காலம் அது. 1969 மே மாதம் வந்த அவர்களின் ‘ஸ்டாண்ட்!’ ஆல்பத்தில் வெறும் உபதேசம் கிடையாது, சேர்ந்து வாழ்வது எவ்வளவு கசப்பானது என்பதும் இருக்கிறது. 2025 ஜூனில் இரண்டு நாள் இடைவெளியில் ஸ்லை ஸ்டோனும் பிரையன் வில்சனும் காலமானார்கள், இருவருக்கும் 82 வயது.

பெண்களைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன் என்பதே இந்தப் பட்டியல்களின் வியாதி எனக்கும் ஒட்டியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது, கோபித்துக்கொள்ளுங்கள். ‘கிம்மி ஷெல்டர்’ பாட்டின் உச்சத்தில் அடிவயிற்றிலிருந்து குரல் உடையப் பாடுபவர் மெர்ரி கிளேட்டன். கர்ப்பிணியாக இருந்தவரை நள்ளிரவில் படுக்கையிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனார்கள். பாடிக்கொடுத்துவிட்டு வீடு திரும்பினார். அறுபதுகளின் முடிவை அறிவித்த குரல் என்று விமர்சகர்கள் சொல்லும் அந்தக் குரலுக்கு உரியவர் பெயர் பலருக்குத் தெரியாது. ஜானிஸ் ஜாப்ளினின் ‘சீப் த்ரில்ஸ்’ ஆல்பத்தின் உயிர் ‘பால் அண்ட் செயின்’. எழுதியவர் பிக் மாமா தார்ன்டன். ஜானிஸ் அதை மேடைதோறும் சொன்னவர்; பெஸி ஸ்மித்தின் அடையாளமற்ற கல்லறைக்குக் கல் வைக்கவும் 1970-இல் பணம் கொடுத்தவர்.

அரீதாவின் ‘ஐ நெவர் லவ்டு எ மேன்’ 1967 மார்ச்சில் வந்தது. ‘ரெஸ்பெக்ட்’ ஓட்டிஸ் எழுதிய பாட்டு. வீட்டுக்கு வரும் ஆண் மரியாதை கேட்கிற பாட்டு. அரீதா பியானோவில் உட்கார்ந்து, தன் சகோதரிகளைப் பின்னணியில் நிறுத்தி, அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லி, பாட்டையே ஆண் கையிலிருந்து வாங்கிவிட்டார். பிறகு அது ஒரு மக்கள் கூட்டத்தின் பாட்டானது. சொற்களைப் பெரிதாக மாற்றாமல், சொல்லும் வாயை மாற்றினால் அர்த்தம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

எந்த ஆல்பம் நினைவில் நிற்கிறது என்பதற்குப் பின்னால் யாரிடம் படச்சுருள் இருந்தது என்ற கேள்வியும் உண்டு. 1969 கோடையில் உட்ஸ்டாக் நடந்தது. மறு ஆண்டே படம் வந்தது, மூன்று தட்டு ஆல்பம் வந்தது. அதே கோடையில் ஹார்லெம் பூங்காவில் ஸ்டீவி வொண்டர், நினா சிமோன், ஸ்லை ஸ்டோன் பாடிய விழா நடந்தது. ஏறக்குறைய நாற்பது மணி நேரம் படம் பிடித்தார்கள். வாங்க ஆள் இல்லை. 2021-இல்தான் ‘சம்மர் ஆஃப் சோல்’ என்று வெளியே வந்தது.

2023-இல் ஜேன் வென்னர் தன் பேட்டிகளைத் தொகுத்து ‘தி மாஸ்டர்ஸ்’ என்று புத்தகம் போட்டார். ஏழு பேர், ஏழும் வெள்ளை ஆண்கள். ஏன் என்று நியூயார்க் டைம்ஸ் கேட்டபோது, பெண்களும் கறுப்புக் கலைஞர்களும் அந்த அளவுக்குச் சிந்தித்துப் பேசக்கூடியவர்களாக இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் நிர்வாகக் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். தகுதி, திறமை என்ற சொற்களை நமக்கு எதிராக வீசிக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு அந்தப் பதில் புதிதல்ல.

என் பட்டியலைச் சொல்லச் சொல்லி ஒரு தோழர் சைகை காட்டுகிறார். வரிசை எண் போட மாட்டேன். ‘லைவ் அட் தி அப்பல்லோ’, ராபர்ட் ஜான்சன், ‘ஓட்டிஸ் ப்ளூ’, ‘ஹைவே 61’, ‘ரிவால்வர்’, அரீதா, ‘ஃபாரெவர் சேஞ்சஸ்’, ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’, ‘ஸ்டாண்ட்!’. பத்தாவதை உங்களுக்கு விட்டுவிட்டேன். மோடவுன் ஆல்பத்தில் இல்லை, சின்னத் தட்டில் இருக்கிறது என்பதால் அந்தப் பத்தாவது இடத்தில் ஒரு கை நிறையச் சின்னத் தட்டுகளை வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

அப்பல்லோ ஆல்பத்தை ஒலிபெருக்கியில் போடத் தயாராக வைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம்தான் ஓடும். கேட்டு முடித்துவிட்டு ‘பெப்பர்’ தோழர் மேடைக்கு வரட்டும், மீதிச் சண்டையை அப்புறம் போடலாம்.